ஒன்பதாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி: அரசா, உதவிபெறும் பள்ளியா, தனியாரா?

ஏப்ரல், மே வந்துவிட்டால் பெற்றோர் கேட்கும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். ஊர் நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளையை அடுத்து எங்கே சேர்ப்பது என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் படித்த பிள்ளைக்கு எட்டாம் வகுப்போடு அந்தச் சலுகை முடிந்துவிடுகிறது. இனிப் பணம் கட்டி அங்கேயே தொடர்வதா, அரசுப் பள்ளிக்கு மாற்றுவதா என்று அந்தப் பெற்றோர் திண்டாடுகிறார்கள். இன்னொரு சாரார் இதுவரை எப்படியோ கட்டணம் கட்டிச் சமாளித்தவர்கள். மேல்நிலை வகுப்புக் கட்டணத்தைக் கேட்டதும் மலைத்து நிற்கிறார்கள்.

எல்லாருக்கும் அக்கம்பக்கத்தில் கிடைப்பது ஒரே பதில்: "கவர்ன்மென்ட் ஸ்கூல்ல ஃபீஸ் இல்ல, ஆனா வசதியும் இருக்காது." அந்தப் பதிலை நம்பி முடிவெடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளில் 12-ஆம் வகுப்பு வரை கல்விக் கட்டணம் கிடையாது. உதவிபெறும் பள்ளிகளில் அரசு நிதி பெறும் பிரிவுகளிலும் கிடையாது. கட்டணம் வாங்காத பள்ளியிலும் ஆய்வகத்தில் பிப்பெட் உடையும், பெஞ்சுக்குக் கால் ஆடும், கழிப்பறையைக் கழுவ ஆள் வேண்டும். அதற்கான பணம் யாரிடமிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, வராத மாதங்களில் யார் கையிலிருந்து போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பள்ளியின் வசதி அமைகிறது. மூன்று வகைப் பள்ளிகளையும் அந்தக் கண்ணோடுதான் இங்கே பார்க்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் காலம். ஒன்பதாம் வகுப்புக்கு மட்டும் பள்ளி தேடாதீர்கள், 12 வரை நான்கு ஆண்டுக்கும் சேர்த்துத் தேடுங்கள். பத்து வரை மட்டுமே உள்ள உயர்நிலைப் பள்ளியில் சேர்த்தால் இரண்டே ஆண்டில் மறுபடி டி.சி., மறுபடி அலைச்சல். மேல்நிலைப் பள்ளியாக இருந்தாலும் அங்கே என்னென்ன குரூப் இருக்கிறது என்று இப்போதே கேட்டுவிடுங்கள். நர்ஸிங் படிக்க ஆசைப்படும் பெண்ணை அறிவியல் குரூப்பே இல்லாத பள்ளியில் சேர்த்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் உண்டு.

அடுத்து ஆசிரியர். கட்டடத்தைவிட இதுதான் முக்கியம். கணக்குக்கு, அறிவியலுக்கு, ஆங்கிலத்துக்குத் தனித்தனி ஆள் இருக்கிறார்களா, பிளஸ் ஒன்னில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

ஆய்வகமும் நூலகமும் இருக்கிறதா என்று கேட்டால் எந்தப் பள்ளியிலும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை உள்ளே விடுகிறார்களா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. மேல்நிலையில் செய்முறை உள்ள பாடங்களில் 20. இந்த மதிப்பெண்ணைப் பெரும்பாலான பள்ளிகள் தாராளமாகவே போட்டுவிடுகின்றன. அதனால் மதிப்பெண் பட்டியலைப் பார்த்து ஆய்வகத்தின் நிலையைத் தெரிந்துகொள்ள முடியாது.

கழிப்பறை, குடிநீர். வயது வந்த பெண் பிள்ளை இருக்கும் வீட்டில் இதை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி மாலை ஐந்து வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருக்கும் பெண்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள்.

பிறகு மறைமுகச் செலவு: வேன், டியூஷன், சீருடை, நோட்டுப் புத்தகம், "நன்கொடை". கடைசியாக, 12 முடித்த பின் இந்தப் பள்ளியில் படித்தவர் என்பதால் என்ன உரிமை கிடைக்கும், எது கைநழுவும் என்ற கணக்கு. இந்தக் கடைசிக் கணக்கைப் போடாமல் முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

## அரசுப் பள்ளி

பாடப்புத்தகம் 12 வரை இலவசம். பேருந்து பயண அட்டை உண்டு. சத்துணவு பத்தாம் வகுப்பு வரை. பிளஸ் ஒன்னில் சைக்கிள். சீருடை மட்டும் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். ஒன்பதிலிருந்து துணி எடுத்துத் தைப்பது வீட்டுச் செலவு. எட்டு வரை எல்லாம் கிடைத்துப் பழகிய குடும்பத்துக்கு ஜூன் மாதத்தில் இந்தச் செலவு திடீரென்று வந்து நிற்கும்.

பள்ளியின் அன்றாடப் பராமரிப்புக்குப் பணம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஒன்றிய அரசும் மாநில அரசும் சேர்ந்து நிதி தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு மானியம் உண்டு. 100 முதல் 250 மாணவர் வரை 50,000 ரூபாய், 250-லிருந்து 1,000 வரை 75,000, ஆயிரத்துக்கு மேல் 1 லட்சம். 900 பேர் படிக்கும் பள்ளிக்குப் பிரித்துப் பாருங்கள்: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 83 ரூபாய். சாக்பீஸ், பதிவேடு, குழாய், மின்விசிறி ரிப்பேர் எல்லாம் அதில். குறைந்தது பத்தில் ஒரு பங்கைத் தூய்மைக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. அதாவது 900 பேருக்கு ஆண்டு முழுக்க 7,500 ரூபாய். 260 பேர் படிக்கும் பள்ளிக்கும் இதே 75,000 தான். ஆகவே ஊரே பாராட்டி, பிள்ளைகள் குவியும் பள்ளியில் தலைக்குக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும். கட்டணமில்லாக் கல்வியின் முக்கியமான சிக்கல் இதில்தான் இருக்கிறது: மாணவர் கூடும் வேகத்தில் பணம் கூடுவதில்லை.

2021-இல் இதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம். கொரோனாவில் வருமானம் போன குடும்பங்கள் தனியார் பள்ளியிலிருந்து பிள்ளைகளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள், லட்சக்கணக்கில். அரசுப் பள்ளி அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்டது. அது பெரிய காரியம். ஆனால் வகுப்பறை அன்றிருந்த அதே எண்ணிக்கை, கழிப்பறை அதே எண்ணிக்கை. பல ஊர்களில் ஆய்வகத்தையும் நூலக அறையையும் வகுப்பறையாக மாற்றித்தான் சமாளித்தார்கள். ஆய்வகத்துக்குள் பெஞ்சு போட்ட பள்ளியில் செய்முறை வகுப்பு எங்கே நடக்கும்?

கட்டடத்துக்கு வேறு வழியில் பணம் வருகிறது. நபார்டு கடன், மாநில நிதி, 2022-இல் அறிவிக்கப்பட்ட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் (ஐந்து ஆண்டில் 7,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள்) ஆகியவற்றில் புதிய வகுப்பறைகள் எழும்பியிருக்கின்றன. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகம் அமைத்தார்கள். கணினி வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டால் பல தனியார் பள்ளிகளைவிட இவை மேல். புதிதாகக் கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடுகிறது, கட்டியதைப் பராமரிக்கத்தான் கிடைப்பதில்லை. யு.பி.எஸ். பேட்டரி செத்துப்போய், கரண்ட் போனால் அத்தனை கணினியும் அணைந்துவிடும் அறைகளைப் பார்த்திருக்கிறேன்.

மேலிடத்துச் சண்டையும் பள்ளியைத்தான் பாதிக்கிறது. ஒன்றிய அரசின் பி.எம். ஸ்ரீ பள்ளிகள் திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25-ஆம் ஆண்டுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது. மேலே சொன்ன மானியத்தைப் போன்றவை இந்த நிதியைச் சார்ந்தவை. எந்தக் கட்சி சொல்வது சரி என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஆய்வகத்துக்கு அமிலம் வாங்கக் காசில்லாமல் நின்றால் தலைமையாசிரியர் என்ன செய்வார்?

கழிப்பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் ஓர் அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் இருந்தேன். துப்புரவுப் பணியாளருக்குச் சம்பளம் உள்ளாட்சி வழியாக வரும். மாதம் சில ஆயிரம்தான், அதுவும் மாதக்கணக்கில் தாமதமாகும். அந்த அம்மா வராத நாட்களில் பெண்கள் கழிப்பறைப் பக்கம் போக முடியாது. கட்டடம் புதிது, டைல்ஸ் பளபளப்பு, ஆனால் உள்தாழ்ப்பாள் போடும் கொண்டி கழன்று ஒரு கம்பிதான் இருந்தது. ஒரு பெண் உள்ளே போனால் தோழி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தாழ்ப்பாளுக்கு ஆகும் செலவு நூறு ரூபாய்கூட இல்லை. யாரும் எழுதித் தரவில்லை, அதனால் யாரும் வாங்கவில்லை. குழுக் கூட்டத்தில் அம்மாக்கள் எழுந்து கேட்ட பிறகு அந்த வாரமே மாட்டினார்கள். 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மாற்றியமைத்துப் பெற்றோருக்குப் பெரும்பான்மை இடம் கொடுத்திருக்கிறார்கள். தலைவர் பெற்றோர்தான். கூட்டத்துக்கு ஆள் வரும் பள்ளிக்கும் வராத பள்ளிக்கும் வித்தியாசம் கழிப்பறையிலேயே தெரியும்.

ஆசிரியர் விஷயத்தில் அரசுப் பள்ளியின் பலம் தகுதி. பலர் தேர்வு எழுதி வந்தவர்கள், பி.எட். முடித்தவர்கள், அனுபவசாலிகள். பலவீனம் காலியிடம். ஓய்வு, மாறுதல், பதவி உயர்வு என்று போகிறவரின் இடத்துக்கு அடுத்த ஆள் வர ஓராண்டுகூட ஆகலாம்; அதுவரை தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர். ஆங்கில வழிப் பிரிவு வைத்திருக்கும் பள்ளிகளில் இன்னொன்றைக் கவனியுங்கள்: பல இடங்களில் தமிழ் வழி, ஆங்கில வழிப் பிள்ளைகளை ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே ஆசிரியர் நடத்துகிறார்.

இனி உரிமைகள். 2020 முதல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் என்று விரிந்தது. அதில் சேர்பவரின் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஒதுக்கீட்டுக்கு முன் ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அரசுப் பள்ளி மாணவர்கள்தான் மருத்துவக் கல்லூரிக்குள் போனார்கள், இப்போது நூற்றுக்கணக்கில். நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இதில் ஒரு விலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் இந்த உரிமை உண்டு. கட்டணம் கட்டித் தனியாரில் படித்துவிட்டு ஒன்பதில் மாறுகிற பிள்ளைக்குக் கிடையாது. உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கான புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனும் ஏறத்தாழ இதே வழியில்தான் போகின்றன.

## அரசு உதவிபெறும் பள்ளி

நம் மாவட்டத் தலைநகரங்களில் பெயர் சொல்லும் பழைய பள்ளிகளில் பல இந்த வகை. கிறிஸ்தவ மிஷன்கள், இந்து அறக்கட்டளைகள், இஸ்லாமிய அமைப்புகள், ஊர்ப் பெரியவர்கள் தொடங்கியவை. பெரிய மைதானம், உயரமான கூரை போட்ட ஆய்வகம், மர அலமாரி நூலகம் எல்லாம் முந்தைய தலைமுறை விட்டுச்சென்ற சொத்து. ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காத மைதானத்தை இங்கே பார்க்கலாம்.

ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது. கட்டடம் நிர்வாகத்தின் பொறுப்பு. கட்டணம் வாங்க முடியாது. சம்பளம் தவிர அரசிடமிருந்து வருவது சொற்பம். நூறாண்டுக் கட்டடத்தின் கூரையை மாற்ற நிர்வாகம் என்ன செய்யும்? பழைய மாணவர்களிடம் கேட்கும், அறக்கட்டளையில் கை வைக்கும், இல்லையென்றால் ஒத்திப்போடும். ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் திருநெல்வேலி சாட்சி. 2021 டிசம்பரில் அங்கே ஓர் உதவிபெறும் பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். பழைய பள்ளி என்றால் மதிப்பு உண்டு. கூடவே கட்டட உறுதிச் சான்று எந்த ஆண்டு வாங்கியது என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இங்கே பெற்றோர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. 1991-92-க்குப் பிறகு தொடங்கிய புதிய பிரிவுகளுக்கு அரசு உதவி கிடையாது. அதனால் "எய்டட் ஸ்கூல், ஃபீஸ் இருக்காது" என்று நம்பிப் போனால், உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆங்கில வழிப் பிரிவு சுயநிதிப் பிரிவாக இருக்கலாம். ஒரே வளாகம், ஒரே மணி, ஒரே சீருடை; ஒரு பிரிவுக்குக் கட்டணம் இல்லை, பக்கத்துப் பிரிவுக்கு உண்டு. அங்கே பாடம் நடத்துபவர் நிர்வாகம் சம்பளம் கொடுக்கும் ஆசிரியராக இருப்பார். சேர்க்கைப் படிவத்தில் "எய்டட்" என்று எழுதியிருக்கிறதா, "செல்ஃப் ஃபைனான்ஸ்" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நன்கொடை கேட்டால் ரசீது கேளுங்கள்.

இன்னொரு இழப்பு: 7.5 சதவீத ஒதுக்கீடு உதவிபெறும் பள்ளி மாணவருக்கு இல்லை. அதே ஏழ்மை, அதே கட்டணமில்லா வகுப்பு, ஆனாலும் இல்லை. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் முடிவெடுக்கும்போது இன்றிருக்கும் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். மாதம் 1,000 ரூபாய் மட்டும் இங்கே தமிழ் வழியில் படித்தவருக்கும் உண்டு: தமிழ்ப் புதல்வன் 2024-இல் தொடங்கியபோதே இவர்களைச் சேர்த்துக்கொண்டது, புதுமைப்பெண் 2024 இறுதியில் விரிவானது.

## தனியார் சுயநிதிப் பள்ளி

இங்கே வசதிக்கான பணம் நேராக உங்கள் பையிலிருந்து போகிறது. அதனால் தாழ்ப்பாள் கழன்றால் மறுநாள் மாட்டிவிடுவார்கள், தண்ணீர் வரும், கழிப்பறைக்கு ஆயா இருப்பார். நடுத்தரக் குடும்பத்தை இழுப்பது இதுதான். அதில் தப்பும் இல்லை.

ஆய்வகம் வேறு கதை. அங்கீகாரத்துக்கு வேண்டும் என்பதால் மேல்நிலை ஆய்வகம் கட்டாயம் இருக்கும். ஒன்பது, பத்துப் பிள்ளைகள் அதற்குள் போவது அரிது. நேரமெல்லாம் பாடத்தை முடித்துத் திரும்பத் திரும்பத் தேர்வு வைப்பதில் போய்விடும். ஒன்பதிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்குவதும், பிளஸ் ஒன் பாடத்தைப் பாதியில் விட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவுவதும் பல தனியார் பள்ளிகளின் பழைய பழக்கம். அதைத் தடுக்கத்தான் 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அதை நீக்கிவிட்டார்கள். ஆகவே நீங்கள் பார்க்கும் பள்ளியில் பிளஸ் ஒன் பாடம் முழுதாக நடக்குமா என்பதை இப்போது படிக்கும் பிள்ளைகளிடமே கேளுங்கள். நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பாதிக் கேள்வி பிளஸ் ஒன் பாடத்தைத் தொட்டுத்தான் வரும்.

கட்டணத்துக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்ணயக் குழு இருக்கிறது. பள்ளிவாரியாகத் தொகையைக் குழு முடிவு செய்யும். அந்த ஆணையைக் காட்டச் சொல்லலாம். அந்தத் தொகையில் அடங்காதவைதான் வீட்டைச் சாய்ப்பவை. வேன் மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பத்து மாதத்துக்கு 15,000, நான்கு ஆண்டில் 60,000. அதன்மேல் பள்ளியிலேயே வாங்க வேண்டிய புத்தகம், நோட்டு, ஷூ, இரண்டு வகைச் சீருடை. அதன்மேல் மாலை டியூஷன். ஏனென்றால் வகுப்பில் வேகம் அதிகம். பிளஸ் ஒன்னில் கட்டணம் மறுபடி ஏறும், அப்போது பாதி வழியில் இறங்கவும் முடியாது. முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்த்துச் சேர்ப்பவர்கள் பத்தாம் வகுப்பில் நகையை அடகு வைக்கிறார்கள்.

பாக்கி இருக்கிறது என்பதற்காக டி.சி.யைப் பிடித்துவைக்கக் கூடாது, அதில் பாக்கி என்று குறிக்கவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள், கொடுக்கவில்லையென்றால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

2004-இல் கும்பகோணம் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்த பிறகு தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, கட்டட உரிமம் எல்லாம் கறாராகக் கேட்கிறார்கள். நெரிசலான தெருவில் மாடிக் கட்டடத்தில் நடக்கும் பள்ளி என்றால் இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

| | அரசு | உதவிபெறும் | தனியார் |
|---|---|---|---|
| கல்விக் கட்டணம் (9–12) | இல்லை | அரசு நிதி பெறும் பிரிவில் இல்லை. சுயநிதிப் பிரிவில் உண்டு | உண்டு. பிளஸ் ஒன்னில் கூடும் |
| பராமரிப்புப் பணம் | ஆண்டு மானியம், மாநில நிதி | நிர்வாகம், பழைய மாணவர் | பெற்றோர் கட்டணம் |
| ஆசிரியர் | தகுதி உயர்வு. காலியிடம் ஆபத்து | நிலையானவர்கள். சுயநிதிப் பிரிவில் அடிக்கடி மாறுவார்கள் | ஆள் இருப்பார். அடிக்கடி மாறுவார்கள் |
| கணினி ஆய்வகம் | பெரும்பாலும் நல்ல கருவிகள் | நிர்வாகத்தைப் பொறுத்து | கட்டணத்தைப் பொறுத்து |
| கழிப்பறை | கட்டடம் உண்டு. சுத்தம் ஊருக்கு ஊர் மாறும் | பழைய கட்டடமா என்று பார்க்கவும் | பொதுவாக நன்று |
| மறைமுகச் செலவு | சீருடை, சிலருக்கு டியூஷன் | நன்கொடை, சீருடை | வேன், டியூஷன், புத்தகம், சீருடை |
| 7.5% ஒதுக்கீடு | உண்டு (6–12 அரசுப் பள்ளி) | இல்லை | இல்லை |

## நேரில் போய்ப் பார்க்க வேண்டியவை

வேலை நாளில், பதினொரு மணிவாக்கில் போங்கள். சேர்க்கை நாளில் போனால் எல்லாப் பள்ளியும் பெருக்கித் துடைத்து வைத்திருக்கும்.

வேதியியல் ஆய்வகத்தின் தொட்டியைப் பாருங்கள். மயில்துத்தத்தின் நீலக் கறையும் பெர்மாங்கனேட்டின் பழுப்பும் படிந்திருந்தால் அங்கே வேலை நடக்கிறது. வெள்ளை வெளேரென்ற தொட்டி, தூசு படிந்த புட்டி, மங்கிப்போன லேபிள் என்றால் அந்த அறையைத் திறப்பது தேர்வுக்கு மட்டும்தான். ப்யூரெட்டின் திருகைத் திருப்பிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். இறுகிப்போயிருந்தால் ஆண்டுக்கணக்கில் யாரும் தொடவில்லை. நூலகத்தில் புத்தக எண்ணிக்கையைக் கேட்க வேண்டாம். புத்தகம் கொடுத்து வாங்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லி, கடைசித் தேதியைப் பாருங்கள். கணினி அறைக் கதவில் எந்த வகுப்புக்கு எப்போது என்ற கால அட்டவணை ஒட்டியிருக்க வேண்டும். கழிப்பறையை மதிய இடைவேளை முடிந்த பிறகு, பெண் பிள்ளையின் அம்மாவே உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்: தாழ்ப்பாள், குழாயில் தண்ணீர், நாப்கின் போட மூடியுள்ள கூடை.

## யாருக்கு எது

கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டு வரை படித்த பிள்ளை, வீட்டில் மாதச் சம்பளம் நிச்சயமில்லை என்றால் தயங்காமல் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றுங்கள். இந்தக் குடும்பங்களுக்கு அரசுப் பள்ளிதான் மிகத் தெளிவான தேர்வு. கட்டணம் மிச்சம், 7.5 சதவீத உரிமையும் கைக்கு வருகிறது. தனியாரிலேயே தொடர்ந்தால் இரண்டும் போகும்.

ஆறிலிருந்தே அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையை ஒன்பதில் தனியாருக்கு மாற்ற நினைப்பவர்கள் இரண்டு முறை யோசியுங்கள். மூன்று ஆண்டு சேர்த்துவைத்த உரிமை ஒரே டி.சி.யில் போய்விடும். பக்கத்து அரசுப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லை என்பதுதான் காரணம் என்றால், பேருந்தில் போகக்கூடிய அடுத்த அரசுப் பள்ளியைப் பாருங்கள். பயண அட்டை இலவசம்.

பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளிதான் வேண்டும் என்கிற வீட்டுக்கும், விளையாட்டில் ஆர்வமுள்ள பிள்ளைக்கும், மருத்துவம், பொறியியல் பக்கம் போகாமல் கலை, வணிகவியல் படிக்கப்போகிறவருக்கும் நல்ல உதவிபெறும் பள்ளியின் அரசு நிதிப் பிரிவு சிறந்த இடம். 7.5 இல்லாதது அவர்களைப் பெரிதாகப் பாதிக்காது. தமிழ் வழி என்றால் டி.என்.பி.எஸ்.சி. வேலைகளில் தமிழ் வழியில் படித்தவருக்கான 20 சதவீத முன்னுரிமையும் கணக்கில் வரும். அதற்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழிச் சான்று வேண்டும், ஆகவே ஒன்பதில் வழி மாற்றும்போது அதையும் எண்ணிப் பாருங்கள்.

கட்டணம் கட்டித் தனியாரில் படித்துவரும் பிள்ளை, அங்கே நன்றாக ஒன்றியிருக்கிறது, நான்கு ஆண்டுச் செலவை வட்டிக்கு வாங்காமல் சமாளிக்க முடியும் என்றால் மாற்றத் தேவையில்லை. முடியாது என்று இப்போதே தெரிந்தால் ஒன்பதிலேயே மாற்றுங்கள். பத்தாம் வகுப்பு நடுவில் மாற்றுவது பிள்ளைக்குப் பெரிய சிரமம்.

அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவர்கள் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அங்கே கேட்காத தாழ்ப்பாள் மாட்டப்படாது. தீர்மானமாக எழுதாத காலியிடத்துக்கு மேலிடத்தில் பதில் வராது.

ஒதுக்கீட்டில் படித்த பிள்ளையின் டி.சி. வாங்கும்போது, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கல்வி உரிமைச் சட்ட இடத்தில் படித்தார் என்ற சான்றையும் பள்ளி முத்திரையோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டு கழித்துக் கலந்தாய்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.